குளிர் கேட்ட பச்சோந்தி

ஆல்டெனாவ், ஆகஸ்ட் 12

அன்புள்ள ஹென்னிங்,

நான் நன்றாக இருக்கிறேன். நீ வேறு எதையும் படிக்காமல் இந்த வரியைத்தான் தேடுவாய் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இடது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய் சில சமயம் பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டு நகர மறுக்கிறது. மற்றபடி டாக்டருக்கு என்னிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயும் உன் வீட்டுக்காரி டோர்ட்டேயும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். பக்கவாதம் வந்ததிலிருந்து போனில் நான் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் போதும், நீ முடித்துவைத்துவிடுகிறாய். போன வாரம் "ரொட்டி..." என்று ஆரம்பித்தேன். "வாங்கி அனுப்பறேன்க்கா, கவலப்படாத!" என்றாய். நானே சுட்ட ரொட்டி நன்றாக வந்தது என்று சொல்ல வந்தேன். மறுநாள் பார்சலில் மூன்று ரொட்டி வந்து நிற்கிறது. காகிதத்தில் என்னை யாரும் முந்த முடியாது.

கேப்டன் போய்விட்டான். வயதாகித்தான் போனான், என் கையிலேயே. ஏழு வயது, ஏமன் பச்சோந்திக்கு அது நல்ல ஆயுள். அண்டை வீட்டார், பச்சோந்திச் சங்கத்து ஆட்கள், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண், எல்லோரும் ஒரே குரலில் "இனி சுலபமா ஏதாவது வெச்சுக்கோங்க" என்கிறார்கள். ஆமை, பூனை, மீன். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்தாறு வருடம் இந்த மலைச் சாலையில் பனியிலும் மூடுபனியிலும் பேருந்து ஓட்டியவள். ஏமன் பச்சோந்தி முரட்டு ஜாதி, கொஞ்சம் தப்பு செய்தாலும் மன்னித்துவிடும். எனக்கு இனி மன்னிக்காத ஜாதிதான் வேண்டும். கேமரூன் மலைகளில் இருக்கிறதே, நான்கு கொம்புப் பச்சோந்தி, அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பகலில் மிதமான வெயில், இரவில் நல்ல குளிர், எந்நேரமும் ஈரம். இதில் எது பிசகினாலும் படுத்துவிடும்.

பதில் எழுது. போன் செய்யாதே.

அன்புடன்,
இம்கே

*

பிரேமன், ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். டோர்ட்டே அன்பு சொல்லச் சொன்னாள். அவளுடைய பிளம் கேக் ஒரு துண்டு தனியாக வருகிறது, அதையும் ரொட்டி விஷயத்தில் சேர்த்துவிடாதே. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இரத்த அழுத்தம் எவ்வளவு?

கேப்டனுக்கு வருத்தம். உண்மையாகவே. என்னைப் பார்த்தால் ஒரு கண்ணை மட்டும் திருப்பி முறைப்பான், கடன்காரனைப் பார்ப்பது போல.

ஆனால் அக்கா, நான்கு கொம்பா? உனக்கு ஒரு கை சரியில்லை. பூனை என்றால் தானே வந்து மடியில் உட்காரும். இல்லையென்றால் இன்னொரு ஏமன் வாங்கிக்கொள். மன்னிக்கிற ஜாதியில் என்ன தப்பு?

இன்னொன்று. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்து அறை காலியாகக் கிடக்கிறது. நான் தொழிலில் அடுத்தவர் வீடுகளுக்கெல்லாம் காற்றுப் புகாமல் அடைத்துக்கொடுக்கிறேன், என் அக்கா மட்டும் ஓட்டை ஜன்னல் வீட்டில் நடுங்குகிறாள். இங்கே எல்லா அறையிலும் இருபத்தொன்றரை டிகிரி, ராப்பகலாக. படிக்கட்டு இல்லை. தோட்டத்துக்கு நேர்க்கதவு. யோசித்துப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி ஹென்னிங்

*

ஆல்டெனாவ், செப்டம்பர் 8

அன்புள்ள ஹென்னிங்,

உடம்பு என்னைப் பார்த்துக்கொள்கிறது. கேக் அருமை என்று டோர்ட்டேயிடம் சொல். இரத்த அழுத்தம் உன் கடிதம் வரும்வரை சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோட்டிங்கனுக்கு ரயில் பிடித்துச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பச்சோந்தி வளர்க்கும் எங்கள் கூட்டம் மதுக்கடைப் பின்னறையில் கூடும் என்பது உனக்குத் தெரியும். நான்கு கொம்பு என்றதும் பியர் குடிப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் என் இடது கையைப் பார்த்தார்கள். வயதில் என்னைவிட மூத்த ஒருவர் கனிவாக வேறு பேசினார்:

"இம்கே, ஆசை இருக்கலாம்மா. ஆனா தீனிக்குக் கிடுக்கியில சில்வண்டப் புடிக்கவே உனக்கு ரெண்டு கை வேணும்."

எனக்கு வார்த்தை வர நேரமாயிற்று. முழு மேசையும் காத்திருந்தது. வந்ததும் சொன்னேன்: "உங்களுக்கு ரெண்டு கையும் இருந்து போன வருஷம் மூணு செத்துச்சு."

ஷ்ராம் மட்டும் சிரித்தார். காசல் ஊர்க்காரர், நான்கு கொம்பைக் குஞ்சு பொரிக்க வைப்பதில் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் யாருக்கும் எடுத்தவுடன் விற்கமாட்டார். "மொதல்ல காலிக் கூண்ட நடத்திக் காட்டு. விளக்கு, மழை, ராத்திரிக் குளிரு, எல்லாம் உள்ள ஜந்து இருக்கிற மாதிரியே. நான் சொல்லாம ஒரு நாள் வந்து பாப்பேன்." கை பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆகவே இப்போது வடக்கு அறையில் மணிபிளான்ட்டும் ஃபைக்கஸ் செடியும் நிறைந்த ஒரு பெரிய வலைக்கூண்டு நிற்கிறது. காலையும் மாலையும் அதற்குள் தெளிப்புக் குழாய் வழியாக மழை பெய்கிறது. இரவில் மேல் ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்துவைக்கிறேன். உன் இருபத்தொன்றரை டிகிரியில் இந்த ஜாதி செத்துப்போகும் என்பதையும் தெரிந்துகொள். எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று சந்தேகம்.

கீழ்த்தளத்து அறைக்கு நன்றி. வேண்டாம்.

இருவருக்கும் அன்பு,
இம்கே

*

பிரேமன், அக்டோபர் 21

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். குளிர் தொடங்கியதும் ஊரே அடைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ?

காலிக் கூண்டுக்கு மழை பெய்விக்கிறாய் என்று வேலையிடத்தில் சொன்னேன். பசங்கள் ஏணியிலிருந்து விழாத குறை. "மொதலாளி, அக்கா அடுத்து காலிக் கிண்ணத்துல பூனைக்குப் பாலு ஊத்துவாங்களா?" என்றான் ஒருவன். நானும் சிரித்துத் தொலைத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

கீழ்த்தளத்து அறைக்கு வெளிர் மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டேன். திரைச்சீலையும் மாட்டியாயிற்று. ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை, தயாராக இருக்கட்டும் என்றுதான். பெரிய வீட்டில் சாயங்காலம் ரொம்ப நேரம் நீள்கிறது.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

தம்பி ஹென்னிங்

*

ஆல்டெனாவ், நவம்பர் 16

அன்புள்ள ஹென்னிங்,

நலத்துக்கு என்ன குறைச்சல்! இன்று ஊரிலேயே நலமானவள் நான்தான். ஷ்ராம் சொல்லாமல் வந்தார், கூண்டுக்குள் மூக்கை நுழைத்து மோந்தார், இலைக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தார். காபி குடித்தார். பிறகு காருக்குப் போய் ஒரு துணிப்பையோடு திரும்பினார்.

பெயர் ஃபீட்டே. இலைப் பச்சை, முதுகில் பாய்மரம் போல ஒரு துடுப்பு, மூக்கு நுனியில் நான்கு சின்னக் கொம்பு. நான்கும் ஒழுங்காக இல்லை, ஒன்று கோணல். என் கையில் ஏறி, நடுங்குகிற இடது கையைத்தான் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தான். காற்றில் ஆடும் கிளை என்று நினைத்திருப்பான். பைத்தியம் போல நான் அழுதேன், ஷ்ராம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஒரு உதவி. ஜனவரியில் மூன்று வாரம் என்னைச் சிகிச்சை விடுதிக்கு அனுப்புகிறார்கள். பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி, வேகவைத்த காய்கறி. தள்ளிப்போட்டால் மறுபடி கிடைக்காது. நீ வந்து ஃபீட்டேயைப் பார்த்துக்கொள்வாயா? எல்லாம் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். முக்கியமானது ஒன்றுதான்: இரவில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மிகக் குறைத்து, மேல் ஜன்னலை ஒரு விரல் திறந்துவை.

டோர்ட்டேக்கும் லீவு கிடைத்தால் அழைத்து வா. போன கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை, எப்படி இருக்கிறாள்?

அன்புடன்,
இம்கே

*

ஆல்டெனாவ், உன் சமையலறை, ஜனவரி 15

அன்புள்ள அக்கா,

விடுதியில் நன்றாகக் கவனிக்கிறார்களா? பசியெடுத்துச் சாப்பிடுகிறாயா? நான் சௌக்கியம். டோர்ட்டேக்கு வேலை, வர முடியவில்லை.

உன் ஃபீட்டேயும் சௌக்கியம். உனக்கு ஒரு இன்ப அதிர்ச்சி செய்துவைத்திருக்கிறேன், நீ திரும்பும்வரை சொல்லக்கூடாது என்றிருந்தேன், வாய் சும்மா இருக்கவில்லை. வந்த முதல் இரவே வெளியே மைனஸ் எட்டு. நீ ஒட்டிய தாளைப் படித்தேன். ஆனால் அக்கா, ஆப்பிரிக்காவில் பிறந்த ஜீவனுக்கு ஹார்ட்ஸ் மலைக் குளிர் என்ன நியாயம்? உன் கஞ்சத்தனத்துக்கு அது பலியாக வேண்டுமா? வண்டியில் சாமான் இருந்தது. வடக்கு அறை ஜன்னல் முழுவதையும் நுரை அடித்து, மேலே சிலிக்கோன் பசை பூசி, அசையாமல் அடைத்துவிட்டேன். வசந்தத்தில் புது ஜன்னல் நானே போட்டுத் தருகிறேன். ஒரு ஹீட்டரும் வைத்தேன். இப்போது அறை ராத்திரி முழுக்க இருபத்திரண்டு. ஜன்னலருகே பிடித்த மெழுகுவர்த்திச் சுடர்கூட ஆடவில்லை. வேலை என்றால் இது வேலை.

ஃபீட்டே அடர்ந்த நிறத்துக்கு மாறிவிட்டான், கிட்டத்தட்டக் கறுப்பு. ரொம்ப அழகு. பகலிலும் நிம்மதியாகக் கண்மூடித் தூங்குகிறான்.

நீயும் நிம்மதியாக இரு.

ஹென்னிங்

*

ஆல்டெனாவ், ஜனவரி 24

ஹென்னிங்,

நான் நன்றாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் மனநிலையும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய், நான் சொன்னது ஒன்றையும் காதில் வாங்காமல். ஆகவே எழுதுகிறேன்.

கறுத்துப்போய்ப் பகலில் கண்மூடுகிற பச்சோந்தி தூங்கவில்லை, சாகிறது. உன் கடிதம் காலைச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. விடுதிப் போனுக்கு ஓடினேன். நீ எடுத்தாய். எனக்கு வார்த்தை வரவில்லை. "ஜன்னல்..." என்றேன். "ஜன்னல்... ஹென்னிங்... ஜன்னல்..." நீ என்ன சொன்னாய்? "மூடிட்டேன்க்கா! கெட்டியா மூடிட்டேன்! நீ ரெஸ்ட் எடு!" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், நீ எடுக்கவில்லை. கடைக்குப் போயிருந்தாயாம்.

பையைக்கூட எடுக்கவில்லை. விடுதிக்காரர்கள் வாசலில் மறித்து "எங்க போறீங்க?" என்று கேட்டால் அதற்கும் வாயில் ஒன்றும் வரவில்லை, கைத்தடியை நீட்டி வழி விடச் சொன்னேன். விட்டார்கள். இரண்டு ரயில், பிறகு என் பழைய பேருந்துத் தடம். ஓட்டியவன் நான் பழக்கிய பையன்தான், என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வீட்டு வாசலிலேயே இறக்கினான்.

பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். ஃபீட்டே வாயைத் திறந்தபடி கூண்டுத் தரையில் கிடந்தான். ஜன்னலை இழுத்தேன், அசையவில்லை. நல்ல வேலைக்காரன் நீ. நீ கத்திக்கொண்டே இருந்தாய், "வசந்தத்துல புதுசு போட்டுத் தரேன்னு சொன்னேன்ல, பொறு அக்கா!" என்று. பொறுப்பதற்கு அவனிடம் நேரம் இல்லை. கைத்தடியால் மேல் கண்ணாடியை உடைத்தேன். இடது கையால், ஹென்னிங். கவனித்தாயா?

"ஒனக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு. ஒரு பல்லிக்காக!" என்று சொல்லிவிட்டுப் போனாய். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் மீதியையும் பார்த்திருப்பாய். உடைந்த இடத்தில் போர்வையை மாட்டி, ஒரு விரல் அகலம் மட்டும் விட்டேன். அறை மெல்லக் குளிர்ந்தது. மழையைத் திறந்தேன். நேற்று ஃபீட்டே ஒரு கண்ணைத் திறந்தான். இன்று தண்ணீர் குடித்தான். பிழைப்பானா என்று ஷ்ராமுக்கே தெரியவில்லை.

இம்கே

*

பிரேமன், பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

சௌக்கியமா? இங்கே எல்லாம் வழக்கம் போல. மழைதான் விடவில்லை. வெஸர் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையாட்களோடு பனிக்கால நடை போய், முடிவில் கேல் கீரையும் தொத்திறைச்சியும் சாப்பிட்டோம். நீயும் இருந்திருந்தால் உப்புப் போதாது என்று சொல்லியிருப்பாய்.

கண்ணாடி போட ஆள் அனுப்பட்டுமா?

நீ நலமாக இருப்பதுதான் எனக்கு முக்கியம். அதை மட்டும் நினைவில் வை, என்ன நடந்தாலும்.

தம்பி ஹென்னிங்

*

ஆல்டெனாவ், மார்ச் 3

ஹென்னிங்,

உன் நலம் விசாரிக்கப் போவதில்லை.

நீதிமன்றத்திலிருந்து தபால் வந்திருக்கிறது. என் காரியங்களை இனி நான் பார்த்துக்கொள்ள முடியாதாம், வீடு, மருத்துவம், எங்கே வசிப்பது என்பது எல்லாவற்றையும் உன் பொறுப்பில் விட வேண்டுமாம். மனு போட்டவர், உடன்பிறந்த தம்பி. தேதி, பிப்ரவரி முதல் வாரம். அதாவது நீ எனக்குக் கீரையையும் தொத்திறைச்சியையும் பற்றி எழுதியபோது இது ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கீரை உன் தொண்டையில் இறங்கியதா?

சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினேன், தடியைக் காட்டி மிரட்டினேன், உறைபனியில் ஜன்னலை உடைத்தேன், "ஒரு பல்லிக்காக". எல்லாம் உண்மை, பல்லியைத் தவிர.

இங்கே வழக்கப்படி நீதிபதி என் வீட்டுக்கே வந்து என்னைப் பார்த்துப் பேசித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வரட்டும். உன் மஞ்சள் அறைக்கு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். நான் கனமானவள். உனக்கு முதுகுவலி வேறு.

இம்கே

*

ஆல்டெனாவ், மார்ச் 29

ஹென்னிங்,

உன் பதில் வரவில்லை. வராது என்று தெரியும். நான் உயிரோடு இருக்கிறேன், ஃபீட்டேயும் இருக்கிறான். என்ன நடந்தது என்று நீதிமன்றம் உனக்கு அரைப் பக்கத்தில் எழுதும், முழுதையும் நான் எழுதுகிறேன்.

நீதிபதி பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். உள்ளே வந்து கோட்டைக் கழற்றினார், வடக்கு அறைக்கு வந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார். நான் காபி கொடுத்தேன். வலது கையால் ஊற்றி, இடது கையால் தட்டைப் பிடித்து. தட்டு கடகடவென்று ஆடிற்று. மறைக்கவில்லை.

"ஜன்னல ஏன் உடைச்சீங்க, மேடம்?"

"தொறக்க... முடியல."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, "தனியா இருந்து சமாளிக்க முடியுதா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பல நாளாக ஒரு முழுப் பேச்சுத் தயார் செய்திருந்தேன். ஒரு எழுத்து வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். உன்னிடம் சொல்கிறேன், பயந்துபோனேன். எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். இன்னும் ஒரு நிமிடத்தில் யாரோ அந்த வாக்கியத்தை எனக்காக முடித்துவிடுவார்கள், முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

அந்தப் பெண் முடிக்கவில்லை. காபியைக் குடித்தபடி காத்திருந்தார்.

ஃபீட்டேக்குச் சாப்பாட்டு நேரம். பேச்சு வராவிட்டால் போகட்டும் என்று என் வேலையைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். சில்வண்டுகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் போட்டுக் குலுக்கினேன். கிடுக்கியை இடது கையில் எடுத்தேன், வேண்டுமென்றே. அது ஆடுகிறது, சில்வண்டு ஆடுகிறது, ஃபீட்டேயின் இரண்டு கண்ணும் அதோடு சேர்ந்து ஆடுகின்றன. சட்டென்று நாக்கு பாய்ந்தது. நீதிபதி "ஐயோ!" என்று நாற்காலியோடு பின்னே போனார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு வந்தது.

"இதுல... தப்பு பண்ணா, செத்துடும்." மூச்சு வாங்கிக்கொண்டேன். "சாகல."

அவர் எழுதிக்கொண்டார். இரவு எவ்வளவு குளிர் வேண்டும், ஈரம் எவ்வளவு, என் மாத்திரைகள் எங்கே, மருத்துவரை எப்போது பார்க்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார். போகும்போது, "உங்க தம்பி உங்க மேல அக்கறையாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

"தெரியும்" என்றேன். அது மட்டும் உடனே வந்தது.

மனு தள்ளுபடி. நேற்று தபாலில் வந்தது.

இம்கே

*

பிரேமன், ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. நான் நன்றாக இல்லை.

டோர்ட்டே போய்விட்டாள். செப்டம்பரிலேயே. லூபெக்கில் அவள் தங்கையோடு இருக்கிறாள். ஜனவரியில் அவளுக்கு வேலை என்று எழுதினேனே, பொய். யாரிடமும் சொல்லவில்லை. வேலையாட்களுக்குக்கூட அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றே இன்னும் நினைப்பு.

அவள் படுக்கையறை ஜன்னலைத் திறப்பாள், நான் பின்னாலேயே போய் மூடுவேன். இந்த மாதிரி அடைத்த வீட்டில் ஜன்னலைத் திறந்தால் காற்றோட்ட இயந்திரம் கெட்டுவிடும் என்று பாடம் நடத்துவேன். ஒரு நாள் கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். "ஒன் வீட்ல எனக்கு மூச்சு முட்டுது, ஹென்னிங். நெசமாவே முட்டுது." நான் காற்றோட்ட இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று கீழே போனேன். மேலே வந்தபோது அவள் இல்லை.

அதன் பிறகுதான் அந்த அறைக்கு வண்ணம் அடித்தேன். உனக்காக என்று எழுதினேன். எனக்காகத்தான், அக்கா. சாயங்காலம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நீ வந்து கீழே இருந்தால், இடறி விழுவாயோ, மாத்திரை சாப்பிட்டாயோ என்று கவலைப்பட்டுக்கொண்டாவது இருக்கலாமே என்று நினைத்தேன். நீ வரமாட்டேன் என்றாய். வரவைக்க அந்த மனுவைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தீர்ப்பைப் படித்தேன். "சாகல" என்பதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஃபீட்டேயைக் கொல்லப் பார்த்தவன் நான். உன்னையும் அப்படித்தான் செய்யப் போனேன், நல்ல எண்ணத்தோடு.

பதில் எழுத வேண்டியதில்லை.

ஹென்னிங்

*

ஆல்டெனாவ், மே 20

அன்புள்ள ஹென்னிங்,

பதில் எழுத வேண்டியதில்லை என்று நீ சொன்னால் நான் எழுதாமல் இருந்துவிடுவேனா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

முதலில் கோபத்தை எழுதி முடிக்கிறேன். என் வீட்டையும் என் வாயையும் என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்தாய். உள்ளே போட்டுப் பூட்டியிருப்பாய், திரைச்சீலையெல்லாம் மாட்டி. அந்தக் கோபம் போகவில்லை, சீக்கிரம் போகும் என்றும் எதிர்பார்க்காதே. டோர்ட்டே போனதற்கு மனதார வருந்துகிறேன். ஆனால் அவள் விட்டுப்போன இடத்துக்கு நான் ஆள் இல்லை. லூபெக்குக்குப் போ. கதவைத் தட்டு. இயந்திரத்தைப் பற்றிப் பேசாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நான் டோர்ட்டேயின் பெயரிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன், நீ மறுமுனையில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாய். கடிகாரம் அடித்தது. கடைசியில் நானே சொல்லி முடித்தேன். முடித்துவைக்காமல் இருக்க நீ எவ்வளவு கஷ்டப்பட்டாய் என்று எனக்குக் கேட்டது.

ஷ்ராம் வந்திருந்தார். ஃபீட்டே தேறிவிட்டான், துடுப்பை விரித்து அவரையே மிரட்டினான். அடுத்து என்ன என்று கேட்டார். மடகாஸ்கரின் பெரிய பச்சோந்தி என்றேன், பூனை அளவு வளருமே, அது. முட்டை பொரியவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும், பொரிந்தால் பதினைந்து வருடம்கூட இருக்கும், இருக்கிற ஜாதியிலேயே பொறுமையைச் சோதிப்பது அதுதான். என் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார், முகத்தில் தெரிந்தது. "காத்திருக்கிறவங்க பட்டியல்ல பேர எழுதிக்கவா?" என்றார். எழுதச் சொன்னேன். சங்கத்தில் மறுபடி பியரை நிறுத்துவார்கள், நிறுத்தட்டும்.

இனி உன் விஷயம். கோஸ்லருக்குப் போய் ஒரு வக்கீலிடம் தாள் எழுதிவாங்கியிருக்கிறேன். மூளையில் இன்னொரு அடைப்பு வந்து, நான் படுத்துவிட்டால், என் சார்பில் முடிவு செய்ய ஒரு பெயர் வேண்டும். வக்கீல் நாசூக்காகக் கேட்டார், "மனு போட்ட அதே தம்பியா?" அதே தம்பிதான் என்றேன். வேறு யாராக இருந்தாலும் எங்கே தப்புச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ எங்கே தப்புச் செய்வாய் என்று அணு அணுவாகத் தெரியும், அதையெல்லாம் தனித்தனியாக எழுதிவைத்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் கேட்டு உனக்குக் கிடைக்காததை, யாரும் கேட்காமல் நான் கொடுக்கிறேன். ஜூனில் வந்து கையெழுத்துப் போடு, கம்பளி கொண்டு வா. ஒரு வார்த்தையும் வராத நாள் ஒன்று வந்தால், அன்று என் காரியம் உன் கையில். ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருந்தாலும், அது வர எவ்வளவு நேரம் ஆனாலும், முடிவு என்னுடையது.

அக்கா
இம்கே